சர்ச்சிலுக்கு ஒரு படத்திறப்பு

2024 மே மாதம் ஒரு சின்ன வீடியோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். இடம் லண்டன், பக்கிங்ஹாம் அரண்மனை. மூன்றாம் சார்லஸ் மன்னர் தன்னைவிட உயரமான ஒரு ஓவியத்துக்கு முன்னால் நிற்கிறார். மேலே போர்த்தியிருந்த துணியை அவரே பிடித்து இழுக்கிறார். துணி விழுகிறது. உள்ளே பார்த்தால் ஒரே சிவப்பு. சீருடை சிவப்பு, பின்னணி சிவப்பு, அந்தச் சிவப்புக்குள் முகமும் கைகளும் மட்டும் மிதக்கின்றன. தோள் பக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சி. துணி விழுகிற நேரத்தில் மன்னர் லேசாகத் திடுக்கிடுகிறார். எல்லாரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது அந்த ஒரு நொடியைத்தான்.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்தப் படம் அவருக்குப் புதுசே இல்லை. ஓவியர் ஜோனதன் இயோவுக்காக அவர் 2021 ஜூனிலிருந்து 2023 நவம்பர் வரை நாலு தடவை உட்கார்ந்திருக்கிறார். பாதி வரைந்த நிலையில் படத்தைப் பார்த்தும் இருக்கிறார். அப்புறம் எதுக்கு அந்தத் துணி? ஏற்கெனவே பார்த்த ஒன்றை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்ப்பதற்கு ஒரு விழா, கேமரா, விருந்தினர்கள். யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

நம்ம மொழியில் இதுக்கு அழகான ஒரு சொல் இருக்கு: படத்திறப்பு. ஆனா அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்க மனசில் என்ன வருது? ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஊதுபத்தி, பதினாறாம் நாள். எங்க தாத்தாவுக்கு நடந்த படத்திறப்பு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏதோ ஒரு கல்யாண குரூப் ஃபோட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, ஸ்டுடியோக்காரர் கீழே ஒரு கோட்டும் டையும் ஒட்டியிருந்தார். வாழ்நாளில் கோட் போட்டறியாத மனிதர். வந்தவர்கள் எல்லாரும் "அப்படியே உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். தாத்தா எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதுதான் நம்ம ஊர் படத்திறப்பின் பெரிய வசதி.

சட்டமன்றத்தில் திறக்கப்படும் படங்களும் பெரும்பாலும் இந்த வகைதான். விதிவிலக்கு உண்டு. 1948-ல் சென்னை சட்டமன்றத்தில் ராஜாஜி படத்தை நேரு திறந்து வைத்தபோது ராஜாஜி உயிரோடு இருந்தார், அதுவும் கவர்னர் ஜெனரலாக. மற்றபடி, படத்தில் இருப்பவர் அந்த ஹாலில் இருக்க மாட்டார்.

சரி, அவர் அந்த ஹாலில் இருந்தால்? படம் அவருக்குப் பிடிக்கவே இல்லை என்றால்? பிடிக்கலைன்னு சொல்ல வழியே இல்லாத மேடையில் அவரை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். 1954 நவம்பர் 30, லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். அன்றைக்கு வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எண்பதாவது பிறந்தநாள்.

'தி கிரவுன்' பார்த்தவர்களுக்கு இந்தக் கதை ஓரளவு தெரிந்திருக்கும். முதல் சீசன், ஒன்பதாவது எபிசோட். ஜான் லித்கோ சர்ச்சிலாக வருவார், ஓவியராக ஸ்டீபன் டில்லேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஸ்டானிஸ்தான் அவர். எபிசோட் பிரமாதம். ஆனால் நடந்தது அதைவிடச் சிக்கலானது, அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு வருவோம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிடறேன். சர்ச்சில் என்றதும் நமக்கு 1943 வங்கப் பஞ்சம் ஞாபகம் வரும், வரணும். அவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வேறு. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்த முடியும் என்பதுதான் அது.

1954-ல் சர்ச்சில் இரண்டாவது முறையாகப் பிரதமர். எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளின் உறுப்பினர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கட்சி வித்தியாசம் இல்லாமல் பணம் போட்டார்கள். ஒரு உருவ ஓவியம், கூலி 1,000 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங், ஆக 1,050 பவுண்ட். இந்த வசூல் விஷயத்தை மனசில் வைச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

வரைய அழைக்கப்பட்டவர் கிரஹாம் சதர்லேண்ட். அப்போது வயது 51. அன்றைய பிரிட்டனின் முக்கியமான நவீன ஓவியர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு நியமித்த போர் ஓவியராக, குண்டு விழுந்து சிதைந்த கட்டடங்களை வரைந்தவர். மனித முகத்துக்கு அவர் வந்ததே தாமதமாகத்தான். 1949-ல் எழுத்தாளர் சாமர்செட் மாம், அதற்குப் பிறகு பத்திரிகை முதலாளி பீவர்புரூக் பிரபு. அந்த இரண்டு படங்களையும் தேடிப் பாருங்க. மாம் ஒரு கசப்பான கஷாயத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருப்பார். அழகாக்கிக் காட்டுவது சதர்லேண்டுக்கு வராது. கூப்பிட்டவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

1954 ஆகஸ்ட் இறுதியில், கென்ட் மாவட்டத்தில் இருந்த சர்ச்சிலின் சார்ட்வெல் வீட்டில் அமர்வுகள் தொடங்கின. அங்கேதான் அந்தப் பிரபலமான கேள்வி. என்னை எப்படி வரையப் போகிறீர்கள், குட்டி தேவதையாகவா, புல்டாக் நாயாகவா என்று சர்ச்சில் கேட்டாராம். நீங்கள் எதைக் காட்டுகிறீர்களோ அதைப் பொறுத்தது என்று சதர்லேண்ட் பதில் சொன்னாராம். அவர் நினைவில் இருந்தபடி, சர்ச்சில் பெரும்பாலும் புல்டாக்கைத்தான் காட்டினார்.

உடை விஷயத்திலும் ஒரு இழுபறி. கார்ட்டர் விருதின் பகட்டான அங்கியில் தன்னை வரைய வேண்டும் என்பது சர்ச்சிலின் ஆசை. படம் கொடுப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், அதனால் அவர்கள் அவையில் தினம் பார்க்கும் சர்ச்சில்தான் வேண்டும் என்று முடிவானது. கறுப்புக் கோட், கோடு போட்ட பேன்ட், புள்ளி போட்ட போ டை. நம்ம தாத்தாவுக்குப் போடாத கோட்டை மாட்டிவிட்டார்கள், சர்ச்சில் கேட்ட அங்கியைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஒரு சின்ன விலகல், மன்னிச்சுக்கோங்க. சர்ச்சிலே ஓவியர். சும்மா பொழுதுபோக்குக்கு நாலு படம் போட்டவர் இல்லை, நூற்றுக்கணக்கில் வரைந்தவர். லண்டன் ராயல் அகாடமி 1948-ல் அவருக்குச் சிறப்பு கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. எனவே சதர்லேண்ட் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்க அவருக்கு இயல்பாகவே ஆசை. சதர்லேண்ட் காட்ட மாட்டார். அவர் முறையே வேறு. எதிரில் உட்கார வைத்துக் கரித்துண்டில் முகம், கை, கண் என்று தனித்தனியாகப் படிப்புப் படங்கள் போடுவார். புகைப்படக் கலைஞர் எல்ஸ்பெத் யூடாவை வைத்து ஃபோட்டோக்களும் எடுத்துக்கொண்டார். பெரிய படத்தைத் தன் ஸ்டுடியோவுக்குப் போய் அங்கே கட்டி எழுப்புவார்.

ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவுக்கு பிரெஞ்சில் 'வெர்னிசாஜ்' என்று பேர். வார்னிஷ் அடிப்பது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கண்காட்சி திறப்பதற்கு முன்னால் ஓவியர்கள் வந்து, சுவரில் மாட்டிய படத்துக்கு வார்னிஷ் அடித்து, கடைசித் திருத்தங்கள் செய்வார்கள். லண்டனில் டர்னர் அந்த நாட்களில் வந்து எல்லார் கண்ணெதிரிலும் படத்தையே மாற்றிப் போடுவதில் பேர் போனவர். அதாவது அந்த விழாவில் ஈரம் இன்னும் காயவில்லை, மாற்ற இடம் இருந்தது. துணி போட்டு மூடித் திறக்கும் விழாவில் அது கிடையாது. துணி விலகும்போது எல்லாமே முடிந்திருக்கும்.

சர்ச்சில் விஷயத்தில் முடிந்த படத்தை முதலில் பார்த்தது அவர் இல்லை, மனைவி கிளெமென்டைன். அவர் மூலமாக ஒரு ஃபோட்டோ சர்ச்சிலிடம் வந்தது. படத்தையே பார்ப்பதற்கு முன்னால் படத்தின் ஃபோட்டோ! அதைப் பார்த்ததும் மனுஷன் நொறுங்கிப் போனார். விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் சதர்லேண்டுக்கு ஒரு கடிதம் போனது. திறமையான வேலைதான், ஆனால் இந்தப் பரிசாக அது பொருத்தமில்லை, விழா படம் இல்லாமலே நடக்கட்டும் என்பது அதன் சாரம்.

இங்கேதான் அந்த 1,000 கினி உள்ளே வருது. விழாக் குழு சார்பில் சார்லஸ் டவுட்டி என்ற எம்.பி. போய் சர்ச்சிலைப் பார்த்தார். இரண்டு அவைகளிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் போட்ட பணம் இது. நீங்கள் மறுப்பது ஓவியரை இல்லை, அவர்களை. சர்ச்சில் இறங்கி வந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த நாடாளுமன்றத்திலேயே வாழ்ந்த ஒருவர் அதன் பரிசை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? கல்யாணத்தில் பெரிய மாமா கொடுத்த புடவை பிடிக்கவில்லை என்று மேடையில் சொல்ல முடியுமா?

வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைப் பற்றி ஒரு வரி சொல்லணும். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். முதலாம் சார்லஸ் மன்னரை விசாரித்து மரண தண்டனை விதித்தது அங்கேதான். நம்ம வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் 1788-ல் தொடங்கி ஏழு வருஷம் இழுத்த விசாரணையும் அங்கேதான் நடந்தது. அந்த ஹாலில், அன்றைக்குக் கூட்டம் நிரம்பி வழிய, பிபிசி தொலைக்காட்சி கேமராக்கள் முன்னால் சர்ச்சில் வந்து நிற்கிறார். படத்தைப் பரிசளித்துப் பேசியவர் எதிர்க்கட்சித் தலைவர் கிளெமென்ட் அட்லி. 1945 தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்துப் பிரதமரானவர், இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த அரசின் தலைவர். அவர் கையால் பரிசு.

படம் வெளிப்பட்டது. கிட்டத்தட்ட ஐந்தடி உயரம், நாலடி அகலம். மங்கிய மஞ்சளும் பழுப்பும். நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தபடி ஒரு கிழவர், முகத்தில் எரிச்சல். பாதங்கள் அடியில் கரைந்து மறைகின்றன. கையில் சுருட்டு இல்லை. இரண்டு விரல் வெற்றிக் குறி இல்லை.

சர்ச்சில் பதில் பேச எழுந்தார். நன்றி சொன்னார். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, இது நவீன ஓவியத்துக்குக் குறிப்பிடத்தக்க ஒரு எடுத்துக்காட்டு என்றார். அவ்வளவுதான். ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, வலிமையையும் ஒளிவுமறைவின்மையையும் இது சேர்த்துக் காட்டுகிறது என்று ஒரு பாராட்டையும் வைத்தார். மூக்கை உடைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள அந்த ஃபிலிமைப் பார்க்கணும். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. 'நவீனம்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தினார், கூட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அதே பேச்சில்தான் அவர் தன்னைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தையும் சொன்னார்: சிங்கத்தின் இதயம் மக்களுடையது, கர்ஜிக்கும் வாய்ப்பு மட்டும் தனக்குக் கிடைத்தது என்று. பின்னால் இருக்கும் படத்தில் உட்கார்ந்திருப்பவர் கர்ஜிக்கிற ஆளாகத் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையே.

அங்கே கூட்டத்தில் சதர்லேண்டும் இருந்தார் என்பதை நினைச்சுப் பாருங்க. மூணு மாச உழைப்பு, இரண்டு அவைகளும் சிரிக்கிறது.

கருத்து இரண்டாகப் பிளந்தது. இடதுசாரியான அன்யூரின் பெவன் படம் அழகாக இருக்கிறது என்றார். கன்சர்வேடிவ் கட்சியின் ஹெயில்ஷாம் பிரபுவுக்கு அருவருப்பு. சர்ச்சிலோ, அரைப் பைத்தியம் மாதிரி ஆக்கிவிட்டான், கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வரைந்துவிட்டான் என்றெல்லாம் நெருங்கியவர்களிடம் புலம்பித் தீர்த்ததாகப் பல குறிப்புகள் இருக்கின்றன.

இவ்வளவு கோபம் ஏன்? வெறும் முகஸ்துதி ஆசையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1953 ஜூனில், பிரதமராக இருக்கும்போதே சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறியது, ஒரு பக்கம் செயலிழந்தது. நாட்டு மக்களுக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? பிரதமருக்கு ஓய்வு தேவை. அவ்வளவுதான். பெரிய பத்திரிகை முதலாளிகள் செய்தியை அமுக்கிவிட்டார்கள். அதில் ஒருவர் பீவர்புரூக் பிரபு. ஆமாம், சதர்லேண்ட் வரைந்த அதே பீவர்புரூக்.

அவர் தேறினார், ஆச்சரியமாகத் தேறினார். ஆனால் 1954 முழுக்க சொந்தக் கட்சியிலேயே பேச்சு ஒன்றுதான்: கிழவர் எப்போது போவார்? அடுத்து வரக் காத்திருந்த ஆந்தனி ஈடனுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. சர்ச்சில் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில், பத்திரிகை முதலாளிகள் கூடி மறைத்த ஒன்றை ஒரு ஓவியர் ஐந்தடி உயரத்தில் வரைந்து, எல்லா எம்.பி.க்களையும் உட்கார வைத்து, டிவியில் காட்டுகிறார். சதர்லேண்ட் அரசியல் செய்ய நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. தான் கண்டதைத்தான் வரைந்தேன் என்று அவர் சொன்னதை நம்புகிறேன். அந்த ஹாலில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. நாலு மாதம் கழித்து, 1955 ஏப்ரல் 5 அன்று சர்ச்சில் ராஜினாமா செய்தார். படத்தால் அல்ல. ஆனால் படம் காட்டிய காரணத்தால் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

விழா முடிந்ததும் படம் சார்ட்வெல்லுக்குப் போனது. அது அவருக்குப் பரிசு. அதே சமயம், அவர் காலத்துக்குப் பிறகு அது நாடாளுமன்றத்தில் மாட்டப்படும் என்ற எண்ணமும் கொடுத்தவர்களுக்கு இருந்தது. படம் ஒரு தடவைகூட மாட்டப்படவில்லை. யாராவது கேட்டால் மழுப்பலான பதில். 1965-ல் சர்ச்சில் இறந்தார். அப்போதும் படம் வெளியே வரவில்லை. கிளெமென்டைன் 1977 டிசம்பரில் இறந்தார். அடுத்த மாதம்தான் குடும்பத்தின் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது: அந்தப் படம் இப்போது இல்லை. விழா முடிந்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள்ளேயே அழிக்கப்பட்டுவிட்டது.

'தி கிரவுன்' எபிசோடில் வீட்டுத் தோட்டத்தில் படம் எரிவதை கிளெமென்டைன் நின்று பார்ப்பார். நிஜத்தில் அந்த வேலையைச் செய்தது கிரேஸ் ஹாம்ப்ளின், சர்ச்சில் குடும்பத்தின் பல வருடச் செயலாளர். அவர் பேசிப் பதிவு செய்த ஒலிநாடா ஒன்று கேம்பிரிட்ஜ் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. கிளெமென்டைனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சோனியா பர்னெல் மூலம் 2015-ல் அது வெளியே தெரிந்தது. இரவு நேரத்தில், தன் சகோதரரைத் துணைக்கு அழைத்து, நிலவறையிலிருந்து அந்தப் பெரிய படத்தை வண்டியில் ஏற்றி, சில மைல் தள்ளியிருந்த சகோதரர் வீட்டுப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதால் பின்கட்டு. மறுநாள் போய் கிளெமென்டைனிடம் சொல்லியிருக்கிறார். படம் வெளிச்சத்துக்கு வரவே வராது என்று கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தவர் கிளெமென்டைன். பிடிக்காத சர்ச்சில் படங்களை அவர் ஒழித்துக் கட்டியது அது முதல் தடவையும் இல்லை.

சதர்லேண்டுக்கு விஷயம் தெரிந்தபோது வயது 74. கலையை நாசம் செய்த செயல் என்று சொன்னார். இரண்டு வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

படம் யாருடையது என்ற கேள்வி வரும். பரிசாக வாங்கியவருடையதா, காசு போட்டவர்களுடையதா, வரைந்தவருடையதா? 'என் முகம், என் உரிமை' என்று இன்றைக்கு நாம் சொல்வோம். க்ரூப் ஃபோட்டோவில் நம்ம கண்ணு மூடியிருந்தா டெலீட் பண்ணச் சொல்றோமே. எனக்கு கிளெமென்டைன் மேல் பெரிய கோபம் வரவில்லை. இருபது வருஷம் உண்மையை மறைத்தார்களே, அங்கேதான் எனக்கு இடிக்குது. அந்த இருபது வருஷமும் படம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று ஒரு ஓவியர் நம்பிக்கொண்டிருந்திருக்கலாம்.

இப்போ அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு எட்டு போயிட்டு வருவோம், ஏன்னா இதே கதை அங்கே தலைகீழாக நடந்தது. 1965, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். வெள்ளை மாளிகைக்கான அதிகாரப்பூர்வப் படத்தை வரையும் பொறுப்பு பீட்டர் ஹர்ட் என்ற ஓவியருக்கு. ஜான்சன் உட்கார்ந்து கொடுத்தது ஒரே ஒரு அமர்வு, அதிலும் தூங்கிவிட்டார். ஹர்ட் ஃபோட்டோக்களை வைத்து ஒப்பேற்றினார். முடித்த படத்தை டெக்சாஸில் இருந்த ஜான்சனின் பண்ணை வீட்டுக்கே எடுத்துப் போனார். விழா இல்லை, கேமரா இல்லை, வசூல் போட்ட எம்.பி.க்கள் இல்லை. ஜான்சன் பார்த்தார். தான் பார்த்ததிலேயே அசிங்கமான பொருள் இதுதான் என்றார். நார்மன் ராக்வெல் வரைந்த தன் படத்தைக் காட்டி, இப்படி வரைய வேண்டும் என்று பாடமும் எடுத்தார்.

ஹர்ட் படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். 1967-ல் விஷயம் பத்திரிகைகளில் வந்து நாடே சிரித்தது, இந்தத் தடவை ஜான்சனைப் பார்த்து. அவமானம்தான், ஆனால் படம் ஹர்ட் கையில் இருந்தது. அவர் அதை வாஷிங்டன் தேசிய உருவ ஓவியக் காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஜான்சன் பதவியில் இருக்கும்வரை காட்டுவதில்லை என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் சேகரிப்பில் இருக்கிறது. ஜான்சன் பண்ணை வீட்டில் காட்டிய மரியாதைக் குறைவு அந்தப் படத்தைக் காப்பாற்றியது. வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் சர்ச்சில் காட்டிய மரியாதைதான் இன்னொரு படத்தை ஒரு நிலவறைக்கு அனுப்பியது. மேடையில் வாங்கிக்கொண்டதால்தானே அது அவர் சொத்தானது?

ஜான்சன் படம் போய்ச் சேர்ந்த அதே காட்சியகத்தில் 2018 பிப்ரவரி 12 அன்று பராக் ஒபாமா, மிஷெல் ஒபாமா படங்கள் திறக்கப்பட்டன. ஒபாமா படத்தை வரைந்தவர் கெஹிண்டே வைலி, மிஷெல் படத்தை ஏமி ஷெரல்ட். ஓவியர்களைத் தேர்ந்தெடுத்ததில் தம்பதிக்கே முக்கியப் பங்கு. துணியை விலக்கியபோது ஓவியர் பக்கத்திலேயே நின்றார். காதைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னேன், நரைமுடியைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை என்று ஒபாமா மைக்கில் ஜோக் அடித்தார். சர்ச்சிலுக்கு ஓவியரை வெட்டக் கிடைத்த அந்த மேடை நகைச்சுவையை, இவர் ஓவியரைக் கொண்டாடப் பயன்படுத்திக்கொண்டார். பின்னணியில் இலைகளும் பூக்களும், அதில் அவர் பிறந்த ஹவாய்க்காக மல்லிகைகூட உண்டு.

அதே நாள், அதே 2018 பிப்ரவரி 12, சென்னையில் சட்டமன்றத்துக்குள் ஜெயலலிதாவின் படத்தைச் சபாநாயகர் தனபால் திறந்து வைத்தார். எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. அன்றைய விவாதம் முழுக்க அந்தப் படம் அங்கே இருக்கலாமா என்பதுதான், படம் எப்படி இருக்கிறது என்பது இல்லை. ஒரே தேதியில் இரண்டு ஊர், இரண்டு படத்திறப்பு. ஒன்றில் படத்தில் இருப்பவர் மைக் பிடித்து ஜோக் அடிக்கிறார். இன்னொன்றில் படத்தில் இருப்பவரைத் தவிர எல்லாரும் பேசுகிறார்கள்.

கடைசியா, சர்ச்சில் படத்தில் என்ன மிச்சம் இருக்குன்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். முழுப் படத்துக்கு ஃபோட்டோக்கள் இருக்கு, பிபிசி ஃபிலிம் இருக்கு. சதர்லேண்ட் போட்ட படிப்புப் படங்கள் தப்பித்துவிட்டன, ஏனென்றால் அவற்றை யாரும் யாருக்கும் பரிசாகக் கொடுக்கவில்லை. சில லண்டன் தேசிய உருவ ஓவியக் காட்சியகத்தில் இருக்கின்றன. சில கனடாவில், ஃப்ரெடெரிக்டன் நகரத்துக் காட்சியகத்தில். அந்தக் காட்சியகத்தைக் கட்டிக் கொடுத்தவர் யார் தெரியுமா? பக்கவாதச் செய்தியை அமுக்கிய அதே பீவர்புரூக் பிரபு. 2024 ஜூனில், இதிலிருந்து ஒரு சின்ன எண்ணெய் வண்ணப் படிப்புப் படம் சாத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. தலை மட்டும்தான். 6,60,000 பவுண்டுக்குப் போனது. ஏலத்துக்கு முன்னால் அதைக் கொஞ்ச நாள் பிளெனிம் அரண்மனையில், சர்ச்சில் பிறந்த அறையிலேயே வைத்துக் காட்டினார்கள். அங்கே அவர் பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறார். கோபமாக இல்லை. கொஞ்சம் களைப்பாக இருக்கிறார், அவ்வளவுதான்.